எந்த மலைக்கு இந்தச் சைக்கிள்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். பெங்களூரு ஜே.பி. நகரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் அலுவலகம், வயது நாற்பத்தொன்று, இடது முழங்காலில் வலி. வார நாட்களில் அலுவலகத்துக்கும், ஞாயிறு காலை துரஹள்ளிக் காட்டுக்கும் போக வேண்டும். சேலத்துக்காரர் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஏற்காடு ஏறிவிட வேண்டும் என்று ஆசை. கையில் ஒரு லட்சம் ரூபாய். கடைக்காரர் 45,000 ரூபாய் மின்சார மலைச்சைக்கிளைக் காட்டி இதுவே தாராளம் என்கிறார். உடன் ஓட்டும் நண்பர், கடன் வாங்கியாவது நாலரை லட்சத்துக்கு மிட் டிரைவ் (பெடல் அச்சில் மோட்டார் உள்ள) வண்டி எடு, மற்றதெல்லாம் பொம்மை என்கிறார். எதைக் கேட்பது?

உங்கள் நிலையில் நான் இருந்தால் நாலரை லட்சத்துக்குப் போகமாட்டேன். கடைக்காரர் காட்டிய வண்டியையும் அப்படியே எடுக்கமாட்டேன். அறுபது, எழுபதாயிரத்துக்குள் பின்சக்கர மோட்டார் உள்ள, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத நல்ல வண்டி ஒன்றை எடுத்து, மீதியை பிரேக்குக்கும் டயருக்கும் அடுத்த பேட்டரிக்கும் ஒதுக்கி வைப்பேன்.

எல்லோரும் வாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான் அது சைக்கிள். பதிவு எண், ஓட்டுநர் உரிமம், காப்பீடு எதுவும் வேண்டாம். அந்த எல்லையைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம். 500, 750 வாட் என்று விளம்பரம் செய்து விற்கும் வண்டிகளின் பக்கம் போகாதீர்கள். ஓசூர் சாலையில் யார் மீதாவது லேசாக இடித்துவிட்டால்கூட, பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவராக நிற்பீர்கள்.

ஆக 45,000 ரூபாய் வண்டியிலும் 250 வாட், நாலரை லட்ச ரூபாய் வண்டியிலும் 250 வாட். பிறகு எதற்குப் பத்து மடங்கு விலை? மோட்டார் இருக்கும் இடம்தான் முதல் காரணம். பின்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. நீங்கள் கியர் மாற்றுவது அதற்குத் தெரியாது. அதன் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் வலு) 40 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் ஆரம் சுமார் 35 சென்டிமீட்டர் என்றால், தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 114 நியூட்டன். உங்கள் எடை 75, வண்டி 25, மொத்தம் 100 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் உங்களைக் கீழே இழுக்கும் விசை 98 நியூட்டன். உங்கள் கால் உதவாவிட்டால், அந்தச் சரிவோடு ஹப் மோட்டாரின் கதை முடிந்தது. அதோடு, மெதுவாகச் சுற்றும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகும். உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் பெரும்பாலும் நைலானில் செய்தவை. அந்தச் சூடு அவற்றுக்கு ஆகாது.

மிட் டிரைவ் மோட்டார் பெடல் அச்சில் இருக்கிறது. அதன் விசை உங்கள் செயின் வழியாக, உங்கள் கியர் வழியாகப் போகிறது. பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ்., ஷிமானோவின் ஈ.பி.8 போன்றவை 85 நியூட்டன் மீட்டராவது தருபவை. முன்னால் 34 பல், பின்னால் 51 பல் கியரில் போட்டால் அது ஒன்றரை மடங்காகி, சக்கரத்தில் 127 நியூட்டன் மீட்டராகிறது. ஹப் மோட்டாரைப் போல மூன்று மடங்குக்கு மேல். போதாக்குறைக்கு, 250 வாட் என்பது தொடர்ந்து தரும் அளவுதான். இந்த மோட்டார்கள் சில நிமிடங்களுக்கு 500, 600 வாட் வரை எட்டும். யெலஹங்கா பக்கம் அவலஹள்ளிப் பாதையில் நண்பரின் வண்டியை ஒரு காலை முழுதும் ஓட்டியிருக்கிறேன். வேர்களும் உருட்டுக்கற்களும் நிறைந்த ஏற்றத்தில், இதுவரை இறங்கித் தள்ளிய இடத்தை உட்கார்ந்தபடியே கடந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடை நடுவில் இருப்பதால் வண்டி சாதாரண மலைச்சைக்கிள் போலவே வளைகிறது. அந்த விலைக்கு அது தகுதியானதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் துரஹள்ளி அப்படிப்பட்ட இடமா? சில பாறைச் சரிவுகளை விட்டால் பெரும்பாலும் செம்மண் ஒற்றையடிப் பாதை. நீங்களும் மிதித்துக்கொண்டே போனால் 40 நியூட்டன் மீட்டர் அங்கே போதும். மிகச் செங்குத்தான இரண்டு மூன்று இடங்களில் இறங்கித் தள்ளலாம். அலுவலகப் பாதையில் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்கள்தான் உண்டு.

ஏற்காட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், இருபது கிலோமீட்டர் அளவுக்குச் சாலை, ஆயிரம் மீட்டருக்குக் குறையாத ஏற்றம். நூறு கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க 272 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) ஆற்றல் வேண்டும். டயர் உருளும் தடைக்கு ஐம்பது சேர்த்தால் 320. பாதியை நீங்கள் மிதித்தால் மோட்டாரின் பங்கு 160. மோட்டாரிலும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரிலும் கால் பங்கு வீணாகிறது என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 213 வாட் மணி போகும். மலைச்சாலை ஒரே சீராக, ஐந்து ஆறு சதவீதச் சரிவில் ஏறுவதால் ஹப் மோட்டார் திணறாது. மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழே விழாமல், குறைந்த கியரில் வேகமாக மிதித்துப் போக வேண்டும், அவ்வளவுதான். பாதி வழியில் டீக்கடை கண்டால் நில்லுங்கள், மோட்டாரும் ஆறும். ஆண்டுக்கு ஒருமுறைப் பயணத்துக்காக நாலரை லட்சம் வேண்டாம் என்பது இந்தக் கணக்கால்தான்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயம்: இறக்கம். ஏறும்போது சேர்த்த அந்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிரேக்கில் வெப்பமாகும். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் வெளிவரும் மொத்த ஆற்றல், மூன்று லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கப் போதுமானது. இந்த ஹப் மோட்டார்களுக்குள் ஒருவழி கிளட்ச் இருப்பதால் மோட்டாரும் வேகத்தைத் தடுக்காது. 45,000 ரூபாய் வண்டிகளில் பலவற்றில் கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்தான் வருகிறது. பதினான்கு கிலோச் சைக்கிளுக்கு அது போதும். இருபத்தைந்து கிலோ வண்டிக்கு, அதுவும் மலையிறக்கத்தில், போதாது. நந்தி மலையிலிருந்து இறங்கும்போது என் பிரேக் பிடி ஹேண்டில்பார் வரை வந்து முட்டிய அன்று, ஓரச் சுவரில் காலை ஊன்றித்தான் நின்றேன். அன்றைய பயம் இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். அல்லது வாங்கிய அன்றே மாற்றுங்கள்.

மாற்றும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஹப் மோட்டார் மின்சைக்கிளின் பிரேக் பிடியில் பெரும்பாலும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கும். சாதாரண ஹைட்ராலிக் பிரேக்கில் அது கிடையாது. மெக்கானிக் அந்த வயரைச் சுருட்டி டேப் ஒட்டி விட்டுவிட்டால், நீங்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு நொடி தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளத்தின் விளிம்பில் அந்த ஒரு நொடி போதும். சென்சாரோடு வரும் பிடி கேளுங்கள், அல்லது காந்தம் வைத்த தனிச் சென்சாரைப் பொருத்தச் சொல்லுங்கள்.

அந்த ஒரு நொடித் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், விலை வித்தியாசத்தின் இரண்டாவது காரணம் புரியும். மலிவான வண்டிகளில் கேடன்ஸ் சென்சார் இருக்கிறது. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அரைச் சுற்று மிதித்த பிறகு மோட்டார் விழித்துக்கொண்டு முழு வேகத்தில் தள்ளும். தார்ச் சாலையில் இது பழகிவிடும். காட்டுப் பாதையில், ஒரு கல்லைத் தாண்டி வலப்பக்கம் திரும்ப நினைக்கும்போது அது தள்ளினால் நீங்கள் புதருக்குள் இருப்பீர்கள். டார்க் சென்சார் என்பது நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து அதற்கேற்றபடி உதவுவது. மெல்ல மிதித்தால் மெல்லத் தள்ளும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் கிளம்பும்போது முழங்காலில் பளு அதிகம் விழுகிறது. சென்சார் அந்தக் கணத்திலேயே உதவிக்கு வருகிறது. எழுபதாயிரத்துக்குள் டார்க் சென்சார் உள்ள வண்டி கிடைத்தால், சஸ்பென்ஷனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், துரஹள்ளியில் மோட்டாரை மிகக் குறைந்த நிலையில் வைத்து ஓட்டப் பழகுங்கள். முழங்காலுக்கு எவ்வளவு மிதிக்கலாம் என்பதை எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அது நான் சொல்லும் விஷயம் அல்ல.

பேட்டரிக்கு வருகிறேன். "80 கிலோமீட்டர் ஓடும்" என்ற வாசகத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி என்றால் 280 வாட் மணி. 36 வோல்ட், 10.4 என்றால் 374. நகரத்தில் நடுத்தர உதவியோடு ஓட்டினால் கிலோமீட்டருக்கு எட்டிலிருந்து பத்து வாட் மணி செலவாகும். போக வர முப்பது கிலோமீட்டர் என்றால் 240 முதல் 300. புதிதாக இருக்கும்போதே 280 வாட் மணி பேட்டரி வீடு வந்து சேரத் தடுமாறும். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்கவே வேண்டாம். காலியான பேட்டரியோடு இருபத்தைந்து கிலோவை பன்னர்கட்டா சாலையில் மிதிப்பது என்ன என்று எனக்குத் தெரியும். 360 வாட் மணிக்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

செலவுக் கணக்கில் எல்லோரும் தவறவிடும் இடமும் இதுதான். 374 வாட் மணி பேட்டரியை முழுதாக ஏற்ற, இழப்பையும் சேர்த்து அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தால் மூன்று ரூபாய். முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். கிலோமீட்டருக்குப் பத்து பைசா. இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் புதிய பேட்டரிக்கு 18,000 ரூபாய் என்று வையுங்கள். ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவு கண்கூடாகக் குறைந்துவிடும். அது 15,000 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது பைசா, மின்சாரத்தைப் போல பன்னிரண்டு மடங்கு. அதிகம் ஓட்டாவிட்டால் பேட்டரி வயதாலும் தேயும். ஐந்து ஆண்டில் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டினீர்கள் என்றால் ஒரு ரூபாய் எண்பது பைசா ஆகிவிடும். ஆகவே வாங்கும்போதே மாற்று பேட்டரியின் விலையை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

இந்தப் பிடிவாதம் எனக்கு வந்த கதை இது. 2021-இல் ஒரு சிறிய நிறுவனத்தின் வண்டியை வாங்கினேன், பெயர் வேண்டாம். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. பதினான்கு மாதத்தில் திரை அணைந்தது. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. அவர்களுடைய பேட்டரிப் பெட்டியும் கனெக்டரும் வேறு எதற்கும் பொருந்தாத வடிவம். ஐந்து மாதம் வண்டி பால்கனியில் துணி காய்ந்துகொண்டு நின்றது. கடைசியில் எஸ்.பி. ரோடில் பொதுவான கண்ட்ரோலரும் திரையும் வாங்கி, பீன்யாவில் ஒரு பட்டறைக்காரரை வைத்து வயரிங் முழுவதையும் மாற்றினேன். அந்த மனிதர் தமிழர், கிருஷ்ணகிரிக்காரர். கூலியைவிட அதிகமாக எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஹப் மோட்டார் வண்டியில் எல்லாம் தனித்தனிப் பொருள், எதையும் தனியாக மாற்றலாம் என்று அவர்தான் காட்டினார். விலை உயர்ந்த மிட் டிரைவில் அது நடக்காது. பிழையை முழுதாக ஆராய்வதற்கே அங்கீகரித்த கடையின் கணினியும் மென்பொருளும் வேண்டும். மோட்டார் போனால் பெரும்பாலும் முழுதாக இறக்குமதி செய்து மாற்றுவதுதான் வழி. செயினும் பின் கியரும் மோட்டாரின் விசையையும் சுமப்பதால் சீக்கிரம் தேயும். பன்னிரண்டு கியர் வண்டியில் அவற்றின் விலை உங்கள் ஒரு மாத வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தைத் தாண்டும்.

சஸ்பென்ஷன் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒரு லட்சத்துக்குள் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் என்று வந்தால் அது எடைதான், வேறு பயன் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 100 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். நல்ல அகலமான டயரும் சரியான காற்றழுத்தமும் மலிவான ஃபோர்க்கைவிட அதிகம் காப்பாற்றும். 2.2 அங்குல டயருக்கு 30, 35 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிப் பாருங்கள். பின்சக்கரத்தில் மோட்டாரின் எடை இருப்பதால் பள்ளத்தில் ரிம்மும் ஸ்போக்கும் அடி வாங்கும். முதல் முந்நூறு கிலோமீட்டருக்குள் ஸ்போக்குகளை ஒருமுறை முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்ற 18 அல்லது 19 எண் ஸ்பானர் தேவை. அதைப் பையிலேயே வையுங்கள். காட்டுக்குள் யாரிடமும் இருக்காது.

எடையைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் அந்த இருபத்தைந்து கிலோவும் உங்கள் கால்தான். லிஃப்டில் சைக்கிள் நுழையுமா என்று இன்றே அளந்து பாருங்கள். பேட்டரி தனியாகக் கழன்று வருவது கட்டாயம். கீழ்த்தளத்தில் சார்ஜ் செய்ய உங்கள் குடியிருப்புச் சங்கம் அனுமதிக்காமல் போகலாம். காரின் பின்கதவில் மாட்டும் ரேக்குகளில் பல, ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ வரைதான் தாங்கும். சேலம் போகும் வழியில் அது கழன்றால் பின்னால் வருபவர் உயிருக்கு ஆபத்து. பேட்டரியைக் கழற்றி காருக்குள் வைத்து, பின் இருக்கையை மடக்கி வண்டியை உள்ளேயே படுக்க வையுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டும் பேட்டரியை விட்டுவிடாதீர்கள். ஏற்றம் முடிந்த சூட்டோடு சார்ஜ் போடுவதும் கூடாது. ஒரு மணி நேரம் ஆறட்டும்.

இன்னொரு வழியும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு உங்கள் அலுவலகம் ரயிலில் போகும் தூரம்தான். வார நாட்களில் அதில் போய்விடலாம் என்று தோன்றினால், மிஞ்சுவது ஞாயிறு மட்டும். அப்போது மோட்டாரே இல்லாத, பதின்மூன்று பதினான்கு கிலோ எடையுள்ள நல்ல மலைச்சைக்கிள் அறுபதாயிரத்துக்குக் கிடைக்கும். துரஹள்ளியில் அதன் பிரேக்கும் ஃபோர்க்கும் கியரும் அதே விலை மின்சைக்கிளைவிட ஒரு படி மேலாக இருக்கும், ஏனென்றால் பணத்தில் பாதி பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போகவில்லை. உங்கள் முழங்கால் இடம் கொடுத்தால் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். கொடுக்காது என்றால் மின்சைக்கிளில் தயக்கமே வேண்டாம். வலியால் வீட்டில் உட்கார்ந்துவிட்ட நான்கு பேரை அது மீண்டும் காட்டுக்குள் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது கடை வாசலில் ஒரு வட்டம் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்தில் உள்ள சுரங்கப்பாதை அல்லது மேம்பாலச் சரிவுக்குக் கொண்டுபோங்கள். சரிவின் நடுவில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து கிளம்புங்கள். மோட்டார் எத்தனை நேரம் கழித்து வருகிறது, ஏறும்போது திரையில் பேட்டரி அளவைக் காட்டும் கோடு எத்தனை இறங்குகிறது என்று பாருங்கள். சமதளம் வந்ததும் கோடு திரும்ப ஏறினால், பளு தாங்காமல் வோல்ட் சரிந்திருக்கிறது; பேட்டரி சிறியது அல்லது பழையது. பிறகு இறக்கத்தில் ஒரு விரலால் பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு விரலுக்கு வண்டி நிற்க வேண்டும்.

உங்கள் உயரத்தை எழுதவில்லையே. இந்த விலையில் பல வண்டிகள் ஒரே ஃபிரேம் அளவில்தான் வருகின்றன. ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் கீழே என்றால் நான் மனதில் வைத்திருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று உங்களுக்குப் பொருந்தாது. உயரத்தையும் கால் உள்ளளவையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்குக் கனகபுரா சாலைப் பக்கம் வர முடிந்தால் என் வண்டியையே ஓட்டிப் பார்க்கலாம், ஹெல்மெட் மட்டும் கொண்டு வாருங்கள்.